நம்பாதவரின் பெஞ்சு

“நீ படிக்கிறியா, இல்ல உருப்போட்டு ஒப்பிக்கிறியா?”

பத்து வயதில் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர் எங்கள் ஊர் தர்மாஸ்பத்திரியின் கம்பவுண்டர். நைனாவுக்குக் கால் விரலிடுக்கில் புண். தடவுவதற்கு ஒரு புட்டி மருந்து கொடுத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டை நான் உரக்கப் படித்தேன். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர்களுடைய அப்பா அம்மாவும் அப்படித்தான். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு உரக்கப் படித்தேன்.

அவர் புட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து, சீட்டின் மேல்பாதியைக் கட்டைவிரலால் மறைத்து, “கீழேயிருந்து படி” என்றார். படித்தேன். இன்னொன்றை எடுத்தார். அதில் இருந்தது தெலுங்கு. ஆந்திரா தனி மாநிலமாகி, எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தெலுங்கு வாத்தியார் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தடுக்கித் தடுக்கி அதையும் படித்தேன். பாராட்டுவார் என்று நின்றேன்.

“இருக்கட்டும். தடவத்தான், குடிக்கக் கூடாதுன்னு உங்க நைனாகிட்ட சொல்லு. சொன்னியா இல்லியான்னு நாளைக்கு அவரையே கேப்பேன்.”

மறுநாள் கேட்கவும் செய்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவர் காளாஸ்திரி பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழை எங்களிடம் பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். கோபம் வந்தால் அது பாதியில் நின்றுபோய்த் தெலுங்கு வந்துவிடும். ஒல்லியான உடம்பு. சட்டைப் பை ஓரத்தில் புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தின் கறை எப்போதும் இருக்கும். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். ரேணிகுண்டாவுக்குப் போகும் காலை ரயில் ஊதினால் உடனே கையைத் திருப்பிப் பார்ப்பார். ரயில் தாமதமா, தன் கடிகாரம் தப்பா என்று அவருக்குக் கடைசி வரை தீர்மானமாகவில்லை.

பால்காரர் எதிரிலேயே பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். தபால்காரர் கடிதம் இல்லை என்றால், பையைத் திறந்து காட்டச் சொல்வார். ஊரில் ஒரு கேலி உண்டு. “பொண்ணு பார்க்கப் போறியா? கம்பவுண்டரையும் இட்டுக்கினு போ. பல்லு எத்தினின்னு எண்ணிட்டு வந்திடுவாரு.”

நோயாளிகளிடமும் இதே கதைதான். காய்ச்சல் மூன்று நாளாக என்று சொன்னால் நம்ப மாட்டார். நேற்றே நின்றுவிட்டது என்றாலும் நம்ப மாட்டார். எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான். “நம்மகம் லேது. கூர்ச்சோ.” நம்பிக்கையில்லை, உட்கார் என்று அர்த்தம். மருந்து கலக்கும் ஜன்னலுக்கு நேர் எதிரே, சுவரோடு சேர்த்து ஒரு நீள பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார வைத்துவிடுவார். மருந்து கலக்கியபடியே அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பார். நடுவில் எழுந்து வந்து நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், மறுபடி போய்விடுவார். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் அந்தக் கட்டடத்தில் இருந்தது இவரும் இந்த பெஞ்சும்தான்.

கூலிக்காரர்களுக்கு அரை நாள் பெஞ்சில் உட்காருவது என்றால் அரை நாள் கூலி போயிற்று. “அந்தாளு குந்த வெச்சுட்டான்னா பொழுது சாஞ்சிடும்டி” என்று பெண்கள் வாய்விட்டே திட்டுவார்கள். அவர் காதில் விழும். எழுந்துபோக மட்டும் விடமாட்டார்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரி மருந்தில் சிலவற்றுக்குச் சாராய வாசனை உண்டு என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தவர். மதுவிலக்குக் காலம். வாரத்துக்கு ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். ஒரு நாள் பட்டப்பகலில் காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். “பாம்பு கடிச்சுட்டுதுய்யா, வேலியாண்ட.” காலில் முள் கீறியது மாதிரி இரண்டு புள்ளிகள். வரிசையே சிரித்தது. “இந்த வாரம் வவுறு வலிக்கலியா மாமா?” என்று யாரோ கேட்டார்கள்.

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. “நம்மகம் லேது. கூர்ச்சோ” என்றார். பேனாவை எடுத்து, வீங்கத் தொடங்கிய இடத்தைச் சுற்றி மைக்கோடு ஒன்று போட்டார். வீக்கம் கோட்டைத் தாண்டியதும் இரண்டாவது கோடு. மூன்றாவது கோடு போட்ட கையோடு தானே தெருவில் ஓடி மாட்டுவண்டி பிடித்து வந்து திருப்பதிக்கு அனுப்பினார். கண்ணாடிவிரியன் கடித்திருந்தது. அந்த மனிதருக்கு இரண்டு விரல்கள் போயின, உயிர் தங்கியது. அதன்பிறகும் அவர் வயிற்றுவலி என்று வந்தார். அப்போதும் பெஞ்சுதான்.

இதையெல்லாம் கேட்டால் அவர் ஊருக்கே செல்லப்பிள்ளையாக இருந்திருப்பார் என்று தோன்றலாம். அப்படி இல்லை.

கல்யாணமாகி நாலே மாதமான ஒரு பெண்ணை ஒரு நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி. கருவாட்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாமியார் சொன்னார். கம்பவுண்டர் அந்தப் பெண்ணின் நாடியை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டு அடித்ததாம். புடவையில் ஒட்டியிருந்த வாந்தியை வழித்து, வெளிச்சத்தில் வைத்துக் குச்சியால் கிளறினார். அரளிக்கொட்டையின் துணுக்கு கிடைத்தது. வயிற்றைக் கழுவி, திருப்பதிக்கு அனுப்பி, நோட்டிலும் உள்ளதை உள்ளபடி எழுதினார். பெண் பிழைத்தாள். நோட்டில் எழுதியதால் போலீஸ் வந்தது. மாமியார் வீடு, தாய் வீடு இரண்டும் சேர்ந்து சபித்தது கம்பவுண்டரைத்தான். அந்தப் பெண் ஏன் அதைத் தின்றாள் என்று போலீஸ்காரரைத் தவிர யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வெகுநாள் வரை அந்தத் தெருப் பெண்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

“புண்ணியவான்தான்” என்று அம்மா சொல்வாள். “ஆனா அவரு கண்ணு முன்னால நின்னா நானே ஏதோ தப்பு பண்ணிப்புட்ட மாதிரி கீது.”

பாம்புக்கடிக்கான ஊசி மருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. அது சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைத் தூளாக வரும். வடித்த தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்ற வேண்டும். முன்பு மருந்தெல்லாம் மெட்ராஸிலிருந்து வந்தது. புது மாநிலம் வந்ததும் எந்த ஊருக்கு எழுதிக் கேட்பது என்பதே குழப்பமாயிற்று. எங்கள் தாலுகா இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஊர்வலமும் மறியலுமாக இருந்த வருடங்கள் அவை. கம்பவுண்டர் எழுதுவார், எல்லை முடிவான பிறகு பார்க்கலாம் என்று பதில் வரும். ஒரு நாள் டாக்டரிடம் அவர் கத்தியது வரிசையில் நின்ற எங்களுக்குக் கேட்டது. “எல்லை எங்க போகுதுன்னு பாம்பு மேப்பு பார்த்துக்கினா கடிக்குது, டாக்டர்காரு?”

எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது நைனா முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் எடுத்து நிலக்கடலை போட்டிருந்தார். பிடுங்கி, நிலத்திலேயே குவித்து வைத்திருந்தோம். பன்றிக்கும் திருட்டுக்கும் பயந்து யாராவது குவியலோடு படுக்க வேண்டும். அன்று நைனா ஆள் கூப்பிடப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். நானும் அம்மாவும் தரையில் கோணியை விரித்துப் படுத்தோம்.

விடிந்தபோது அம்மா என்னை எழுப்பினாள். வயிறு பிசைகிறது என்றாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். “ராத்திரி நடுவுல ஏதோ முள்ளு குத்தின மாதிரி இருந்துது. கையை ஒதறிட்டுத் தூங்கிட்டேன்” என்றாள். கையைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வீக்கம், ரத்தம், சிவப்பு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தெருப் பெண்கள் கூடினார்கள். முள் குத்திய மாதிரி என்ற பேச்சைக் கேட்டதும் ஒருத்தி வேப்பிலை பறித்து வந்தாள். எங்கள் பக்கத்தில் அதுதான் பரீட்சை. விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை இனிக்கும் என்பார்கள். அம்மா மென்று, முகத்தைச் சுளித்துத் துப்பினாள். “கசக்குது.”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. “கசக்குதா? அப்ப ஒண்ணுமில்ல. ராத்திரி துன்னது சேரல.” யாரும் மறுத்துப் பேசவில்லை. ஏழாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் நானும் பேசவில்லை. எனக்கும் அந்த நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. சுக்குக் கஷாயம் வைத்தார்கள். அது தொண்டையில் இறங்கவில்லை. அதற்குள் வந்து சேர்ந்த நைனா, “எதுக்கும் ஆஸ்பத்திரியாண்ட போய்க் காட்டிட்டு வந்துடலாம்” என்றார்.

ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கம்பவுண்டர் அம்மாவைப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார்.

“ராத்திரி என்ன சாப்பிட்டா?”

“கூழுதாங்க. பொண்ணும் அதான் துன்னுச்சு.”

“பாம்பு, பூச்சி ஏதாச்சும்?”

“அதெல்லாம் இல்லீங்க. வேப்பெல குடுத்துப் பார்த்தாச்சு. நல்லா கசந்துது.”

“வீட்ல சண்டையா?”

நைனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. கம்பவுண்டர் அதைப் பொருட்படுத்தாமல் அம்மாவின் உள்ளங்கையை முகர்ந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது. தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வயிறு கழுவும் ரப்பர் குழாயை எடுத்து வரவும், நைனா எழுந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

“என் பொண்டாட்டிக்கு நான் வெசம் வெச்சேன்றியா? சொல்லுய்யா, எல்லார் முன்னாடியும் சொல்லு!”

“நீ வெச்சேன்னு சொல்லலே. இல்லேன்னும் எனக்குத் தெரியாது. விடு கையை.”

“விட மாட்டேன். என்னா நெனச்சுக்கினு பேசற நீ?”

“நம்மகம் லேது! கூர்ச்சோ!”

இழுபறியாயிற்று. ஆட்கள் வந்து இருவரையும் பிரித்தார்கள். நேரம் ஓடியது. அம்மா பெஞ்சில் சாய்ந்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தாள். தன்னை வைத்து இவர்கள் சண்டை போடுகிறார்கள், அந்த வெட்கத்தில்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

கடைசியில் கம்பவுண்டர் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். குழாய் விடுவதற்கு முன் ஒரு வாய் விழுங்கச் சொன்னார். அம்மா வாயில் வாங்கிக்கொண்டாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. உதட்டோரமாக வழிந்து மார்பில் இறங்கியது.

அவர் குழாயைத் தரையிலேயே போட்டுவிட்டார். கீழே மண்டிபோட்டு முகத்தருகே முகத்தைக் கொண்டுபோனார். “அம்மா, என் விரலைப் பாரு. மேலே பாரு. மேலே.” அம்மாவின் இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. தூக்கக் கலக்கம் போல இருந்தது. கட்டைவிரலால் இமையைத் தூக்கினார். விட்டதும் அது தானாக விழுந்தது.

கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நாற்பது.

“நான் தப்பா நினைச்சேன்” என்றார். நைனாவைப் பார்த்து, எல்லோர் எதிரிலும்தான் சொன்னார். “ஒரு மணி நேரம் போச்சு. எங்கே படுத்தா ராத்திரி?”

“கடலக் குவியலாண்ட, தரையில” என்றேன் நான். “நானும் பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தேன்.”

சட்டென்று என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி என் இமைகளையும் தூக்கிப் பார்த்தார். அந்த விரலின் மருந்து வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்னை விட்டுவிட்டு, “கட்லபாமு” என்றார். கட்டுவிரியன்.

“வேப்பெல கசந்துதுய்யா!” என்று ஒருத்தி அழுதாள்.

“கசக்கட்டும். வண்டி கொண்டா.”

அன்று பார்த்து, தாலுகாவை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி மறியல். பஸ் இல்லை, ரயிலையும் நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. ஆஸ்பத்திரியை அவரே பூட்டினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மாட்டுவண்டியில் வடமாலபேட்டை ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். புளியமரத்தடியில் கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் மாட்டேன் என்றார். “கண்ணாடிய ஒடச்சிடுவானுங்க சார். மொதலாளி என்னைத் தொலச்சிடுவாரு.” நைனா தரையில் விழுந்து அவர் காலைப் பிடித்தார். டிரைவர் பின்னால் நகர்ந்து, தலையைச் சொறிந்து, “ஏறுங்க, ஏறித் தொலைங்க” என்றார்.

மூட்டைகளின் மேல் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். கம்பவுண்டர் அவள் தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டார். எச்சிலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒரு மருந்துச் சீட்டும் பென்சிலும் கொடுத்தார்.

“என்ன மாறுதோ மணியோட எழுது. அப்புறமா கேட்டா உனக்கும் மாறிப்போகும், எனக்கும் மாறிப்போகும்.”

எழுதினேன். எட்டு நாற்பது, இமை பாதி. ஒன்பதரை, பேச்சு இல்லை.

இரண்டு மைல் போவதற்குள் ரோட்டின் குறுக்கே கல்லும் முள்ளும் குவிந்திருந்தன. இருபது பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் வடமாலபேட்டையில் தையற்கடை வைத்திருந்தவர். எங்களுக்கெல்லாம் தெரிந்த முகம்.

“வண்டி போவாது. திருப்பு.”

கம்பவுண்டர் குதித்து இறங்கினார். அவசரத்தில் அவர் வாயில் வந்தது தெலுங்கு. கூட்டம் கொதித்துவிட்டது.

“பாரு, பாரு! தெலுங்குல அதட்றான்!”

“மல்லாட்டை மூட்டைய தாண்டவுடறதுக்கு மேல ஒரு பொம்பளையப் படுக்கப் போட்டு நாடகமா?”

“இல்லண்ணா, எங்க அம்மாதாண்ணா” என்று நான் மேலிருந்து கத்தினேன்.

தையற்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “காலையிலயும் இப்படித்தாம்மா ஒரு வண்டி வந்துது. புள்ளத்தாச்சின்னானுங்க. வுட்டோம்பாரு, அந்தாண்ட போனதும் அவ எழுந்து குந்திக்கினு சிரிச்சா. இன்னொருக்கா ஏமாற மாட்டோம்.”

கம்பவுண்டர் கத்துவார், இப்போது கல் விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தபோது அவர் தையற்காரரின் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிதானமாகத் தமிழில் பேசினார்.

“நம்பாதே. நீ செய்யறது சரி. நான் சொல்ற ஒரு வார்த்தையையும் நம்ப வேணாம். ஏறிப் பாரு.”

தையற்காரர் தயங்கினார். பிறகு சக்கரத்தில் கால் வைத்து ஏறினார்.

“கண்ணைத் தூக்கு” என்றார் கம்பவுண்டர் கீழேயிருந்து. “விடு. இப்போ பேரைக் கேளு.”

“அம்மா, உன் பேரு இன்னாம்மா?”

அம்மாவின் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. ஆனால் மூடியிருந்த இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவளுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது என்று எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

தையற்காரர் மேலிருந்தே அலறினார். “டேய், கல்லத் தூக்குங்கடா! தூக்குங்கடா டேய்!” லாரி நகர்ந்தபோது அவர் இறங்கவில்லை. கதவுப் படியில் தொங்கிக்கொண்டு, வழிநெடுக மறித்தவர்களைக் கத்தி விலக்கிக்கொண்டு ரேணிகுண்டா தாண்டும் வரை வந்தார்.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என் சீட்டைப் படித்துக்கொண்டே ஊசியை ஏற்றினார். ஆனால் மூச்சு சிறுத்துக்கொண்டே வந்தது. அந்தக் காலத்தில் மூச்சுக்கு மெஷின் இல்லை. தலைமாட்டில் நின்று இரண்டு கைகளையும் மேலே இழுத்து, மடக்கி மார்பில் அழுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். நர்ஸ் காட்டிக்கொடுத்தார். நைனாவும் கம்பவுண்டரும் மாற்றி மாற்றிச் செய்தார்கள். காலையில் ஒருவர் கையை ஒருவர் முறுக்கியவர்கள். நைனா “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணுவார். கம்பவுண்டர் “ஒக்கட்டி, ரெண்டு” என்று எண்ணுவார். நான் சுவரோரம் நின்று அந்த எண்ணிக்கை எங்கேயாவது நின்றுவிடுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் இறங்கும் நேரத்தில் நர்ஸ் அவர்கள் கையைத் தடுத்து, “கொஞ்சம் விடுங்க, பார்ப்போம்” என்றார். அம்மாவின் மார்பு தானாக ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

பதினோராம் நாள் அம்மா வீடு திரும்பினாள்.

நைனா கம்பவுண்டருக்கு நன்றி சொல்லவில்லை. “உசுரு குடுத்தான், ஒத்துக்கறேன். ஆனா வெசம் வெச்சவன்னு என்னைக் கேட்டான்ல, தெரு முன்னால?” என்பார். அந்த ஒரு மணி நேரம் இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது. கம்பவுண்டரும் சமாதானம் பேச வந்தவரில்லை. ஒரு நாள் கையில் கம்போடு எங்கள் நிலத்துக்கு வந்தார். குவியல் இருந்த இடத்தையும் வரப்பு ஓரத்து வளைகளையும் கிளறினார். பாம்பு கிடைக்கவில்லை.

“எதுக்குய்யா அதத் தேடறே? அது போய் எத்தினி நாளாச்சு” என்று அம்மா கேட்டாள்.

“கட்லபாமுன்னு சொன்னது நான். ஆனா நான் பார்க்கலியே” என்றார். நோட்டில் அவர் எழுதியிருந்தது, பாம்புக்கடி என்று சந்தேகம். அம்மா ஒரு படி கடலை கொடுத்தனுப்பினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்து, முகர்ந்து, பிறகு தின்றார்.

ஆஸ்பத்திரியை ஒரு பகலும் மறுநாளும் பூட்டிப்போட்டதற்கு யாரோ புகார் எழுதிவிட்டார்கள். எல்லை முடிவாவதற்கு முன்பே அவரை மாற்றினார்கள். எங்கே என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவரை இங்கேயே வைத்திருக்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கலாம். எழுதத் தெரிந்தவள் நான் இருந்தேன். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என்று மூன்று மொழியில் எழுதுவேன். நைனாவின் முகத்தைப் பார்த்து எழுதாமல் இருந்துவிட்டேன்.

நான் நர்ஸாகி, மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. எல்லை எப்போதோ முடிவாகி, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. பாம்பு மருந்து வைக்கவேண்டிய தட்டில் பஞ்சுச் சுருள்தான் இருந்தது. போன மாதம் வரப்பில் கடிபட்ட ஒருவரை வண்டியேற்றித் திருப்பதிக்கு அனுப்பினோம். ரேணிகுண்டா தாண்டும் வரை உயிர் தாங்கவில்லை. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் மூன்றாவது படிக்கிறாள்.

அதற்கு மறுவாரம் சித்தூருக்குப் போய் மருந்துக் கிடங்கில் சீட்டை நீட்டினேன். இருபது குப்பி கேட்டிருந்தேன். அங்கிருந்த குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்து, “இத்தனி எதுக்கம்மா? உங்க ஊர்ல பாம்புப் பண்ணையா வெச்சிருக்கீங்க?” என்று சிரித்து, நாலு கொடுத்தார். நாலு குப்பி ஒரு ஆளுக்கே போதாது. வாங்கிவந்து பூட்டி வைத்தேன். மீதிக்கு எழுதிப் போட்டேன். பதில் இல்லை. டாக்டரிடம் சொன்னேன். அடுத்த மாதம் மீட்டிங்கில் பேசுகிறேன் என்றார்.

இன்று காலை ஏழரை மணி சித்தூர் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு டிக்கெட் எடுத்தேன். சந்திரகிரி தாண்டியாகிவிட்டது. கிடங்கில் மீதிக் குப்பிகளை நேரில் கேட்கவேண்டிய டாக்டர் எனக்கு முன் சீட்டில், சாப்பிடாமல் இழுத்துவந்துவிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.